கருவியின் முதலாளி யார்? செய்தியாளரின் மேசையில் செயற்கை நுண்ணறிவும் அதன் பின்னாலுள்ள பணமும்

நமது ஊர்களில் புதிதாக ஒரு பத்திரிகை கைக்கு வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "இது ஆர்ர பேப்பர்?" என்றுதான். செய்தி என்ன என்பது அதற்குப் பிறகு. தினகரனை வாசிக்கிறவர், 1973இன் சட்டத்தோடு லேக்ஹவுஸ் அரசின் கைக்குப் போனதை மனதின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே வாசிக்கிறார். தனியார் பத்திரிகையென்றால் அதன் முதலாளிக்கு வேறு என்னென்ன வியாபாரம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறார். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார் என்ற விபரம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்திலாவது இருக்கும். சொல்லப்பட்டதை எடைபோடுமுன் சொன்னவர் யாரென்று பார்க்கும் இந்தப் பழக்கம் ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் வரிசை வழியாக நமது சமூகத்துக்கு நன்கு அறிமுகமானதே.

ஆனால் இன்று ஒரு செய்தி நமது கைக்கு வருமுன்னர், பத்திரிகையின் பெயருக்கும் செய்தியாளரின் பெயருக்கும் நடுவே இன்னொரு கை புகுந்திருக்கிறது. நேர்காணலின் ஒலிப்பதிவை எழுத்தாக்குவது ஒரு கருவி. சிங்கள அறிக்கையைத் தமிழாக்குவது இன்னொன்று. முந்நூறு பக்க நீதிமன்ற ஆவணத்தைச் சுருக்கித் தருவது, தலைப்பு யோசித்துக் கொடுப்பது, படம் உண்மையா பொய்யா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கருவி இருக்கிறது. இவையெல்லாம் செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. இக்கருவிகளின் அடியில் அந்தச் சிறிய எழுத்து இல்லை. அவை ஆர்ர? அவற்றை நடத்தும் காசு எங்கிருந்து வருகிறது? அதனால் செய்திக்கும் நமக்கும் என்ன வருகிறது? இக்கட்டுரை இக்கேள்விகளுக்குரிய விடைகளை எளிய முறையில் சொல்ல முயல்கிறது.

பாணும் மாவும் கோதுமையும்

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கருவிக்கு ஒரு முதலாளி என்று நினைத்தால் பிழைத்துப் போவோம். நாம் பாணை முச்சந்தி பேக்கரியில் வாங்குகிறோம். பேக்கரி நமது ஊர்க்காரருடையது. அவர் பாவிக்கும் மா பெரும்பாலும் திருகோணமலையிலுள்ள பிறிமா ஆலையிலிருந்து வருகிறது. அந்த ஆலை சிங்கப்பூர்க் குழுமம் ஒன்றுக்குச் சொந்தமானது. கோதுமையோ நமது நாட்டில் விளைவதே இல்லை, கப்பலில் வருகிறது. பேக்கரிக்காரரை நமக்குத் தெரியும் என்பதால் பாணின் விலையை அவர்தான் தீர்மானிக்கிறார் என்று ஆகிவிடாது.

செய்தியாளரின் கருவியும் இப்படி மூன்று தட்டுகளைக் கொண்டது. மேல்தட்டில் இருப்பது அவர் கைத்தொலைபேசியில் திறக்கும் செயலி. அது ஒரு சிறிய கம்பனியுடையதாக இருக்கலாம். சில வேளை பத்திரிகை நிறுவனமே தன் ஆட்களைக் கொண்டு செய்ததாகவும் இருக்கலாம். நடுத்தட்டில் இருப்பது மொழி மாதிரி, அதாவது கோடிக்கணக்கான பக்கங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஊட்டிப் பழக்கப்பட்ட அந்த மூளை. இதைச் செய்யக்கூடிய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஓபன்ஏஐ, கூகுள், மெட்டா, அந்த்ரோபிக், எக்ஸ்ஏஐ, சீனாவிலும் ஐரோப்பாவிலும் இன்னும் சில. அடித்தட்டில் இருப்பவை அந்த மூளை ஓடுகின்ற இராட்சதக் கணினிக் கூடங்கள். உலகச் சந்தையில் இவற்றின் பெரும்பகுதி அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் ஆகிய மூன்றின் கையில் இருக்கிறது. அங்குள்ள கணிப்புச் சில்லுகளில் பெரும்பாலானவை என்விடியா என்ற ஒரே கம்பனியின் தயாரிப்பு.

ஆகவே "நாங்கள் ஒரு சின்னக் கம்பனியின் கருவியைத்தான் பாவிக்கிறோம்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், மா யாருடையது, கோதுமை யாருடையது என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவின் அஸோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014இல் கம்பனிகளின் காலாண்டு வருமானச் செய்திகளை இயந்திரத்தைக் கொண்டு எழுதத் தொடங்கியது. மனிதர்கள் எழுதிய காலத்தில் ஒரு காலாண்டுக்குச் சுமார் 300 செய்திகள் வந்தன. இயந்திரம் 3,000க்கு மேல் எழுதியது. அந்த இயந்திரத்தைச் செய்த ஓட்டோமேட்டட் இன்சைட்ஸ் என்ற கம்பனியில் அஸோசியேட்டட் பிரஸ்ஸுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதாவது, கருவியின் உடைமையில் செய்தி நிறுவனத்துக்கும் ஒரு கை இருந்தது. அடுத்த வருடமே அந்தக் கம்பனியை விஸ்டா என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை பார்த்தால், கருவிகள் செய்தி நிறுவனங்களின் கையைவிட்டு விலகி விலகிப் போவதே போக்காக இருக்கிறது.

வக்பு செய்த காணியில் கடைத்தொகுதி

இன்று செய்தியறைகளில் அதிகம் பேசப்படும் பெயர் ஓபன்ஏஐ. சட்ஜிபிடியைச் செய்தவர்கள் இவர்கள். இந்நிறுவனத்தின் கதை, வக்பு சொத்துகளின் கதை தெரிந்த நமக்கு எளிதாக விளங்கும்.

2015 டிசம்பரில் இது இலாபநோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கப்பட்டது. இலாபம் தேட வேண்டிய கட்டாயம் இல்லாமல் மனிதகுலம் முழுவதற்கும் பயன்படும் வகையில் செயற்கை நுண்ணறிவை வளர்ப்பதே நோக்கம் என்று அறிவித்தார்கள். இலோன் மஸ்க் உட்படப் பலர் சேர்ந்து ஒரு பில்லியன் டொலர் தருவதாக வாக்களித்தார்கள். பொது நன்மைக்காக ஒரு காணியை எழுதிவைப்பது போன்றது இது.

ஆனால் கணினிக் கூடங்களின் செலவு நன்கொடையால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. 2019இல் அந்த அமைப்பின் கீழ் இலாபம் ஈட்டும் கம்பனி ஒன்று உருவாக்கப்பட்டது. முதலீட்டாளர் எடுக்கக்கூடிய இலாபத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். முதல் முதலீட்டாளர்களுக்கு அந்த வரம்பு போட்ட பணத்தின் நூறு மடங்கு! அதே ஆண்டு மைக்ரோசொப்ட் ஒரு பில்லியன் டொலர் போட்டது. பின்னர் அது ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 13 பில்லியனாக உயர்ந்தது.

நம்பிக்கையாளர் சபைக்கும் கடைத்தொகுதியை நடத்துகிறவருக்கும் பிணக்கு வந்தால் யார் வெல்வார்? 2023 நவம்பரில் அதற்கு விடை கிடைத்தது. இலாபநோக்கமற்ற அமைப்பின் இயக்குநர் சபை தலைமை நிறைவேற்று அதிகாரி சாம் ஓல்ட்மனைப் பதவி நீக்கியது. ஊழியர்கள் கொதித்தெழுந்தார்கள், மைக்ரோசொப்ட் அவரைத் தன்னிடம் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஐந்து நாட்களுக்குள் ஓல்ட்மன் திரும்பி வந்தார். போனவர்கள் சபை உறுப்பினர்களில் பெரும்பாலானோர்தாம்.

2025 ஒக்டோபரில் கட்டமைப்பு மீண்டும் மாற்றப்பட்டது. அப்போது இலாபநோக்கமற்ற அமைப்பிடம் கம்பனியின் சுமார் 26 சதவீதமும், மைக்ரோசொப்டிடம் சுமார் 27 சதவீதமும் இருந்தன. மீதி ஊழியர்களிடமும் ஏனைய முதலீட்டாளர்களிடமும். இயக்குநர்களை நியமிக்கும் உரிமை இன்னும் இலாபநோக்கமற்ற அமைப்புக்கே உண்டு என்கிறார்கள். காணி உறுதியில் வக்பு என்ற சொல் இருக்கிறது. ஆனால் வாடகை எங்கே போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களின் நிலை என்ன? அந்த்ரோபிக் 2021இல் ஓபன்ஏஐயிலிருந்து வெளியேறியவர்களால் தொடங்கப்பட்டது. அதில் 2024 முடிவுக்குள் அமேசன் 8 பில்லியன் டொலர் போட ஒப்புக்கொண்டிருந்தது. கூகுளும் பெரிய முதலீட்டாளர். கூகுளும் மெட்டாவும் பெரும்பாலும் சொந்த வருமானத்தையே நம்பியிருக்கின்றன. விளம்பர வருமானமே அவர்களது பிரதான ஊற்று. அந்த விளம்பர வருமானத்தில் ஒரு பகுதி முன்னர் பத்திரிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. எக்ஸ்ஏஐ இலோன் மஸ்குடையது. 2025 மார்ச்சில் அது எக்ஸ் தளத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. செய்தி பரவும் தளமும், அச்செய்தி உண்மையா என்று இலட்சக்கணக்கானோர் கேட்கின்ற குரொக் என்ற இயந்திரமும் இப்போது ஒரே வீட்டில்.

வளைகுடாவின் காசு

இந்தப் பட்டியலில் நமது வாசகர்கள் எதிர்பார்க்காத பெயர்களும் உண்டு. அபுதாபி அரசோடு தொடர்புடைய எம்ஜிஎக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2024 ஒக்டோபரில் ஓபன்ஏஐ திரட்டிய 6.6 பில்லியன் டொலரில் பங்குகொண்டது. சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் கிங்டம் ஹோல்டிங் எக்ஸ்ஏஐயில் முதலிட்டது. கட்டார் அரசின் முதலீட்டு அதிகாரசபை எக்ஸ்ஏஐயிலும் அந்த்ரோபிக்கிலும் பணம் போட்டிருக்கிறது. எதிர்த்திசையிலும் பணம் ஓடுகிறது: 2024 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் அபுதாபியின் ஜி42 கம்பனியில் 1.5 பில்லியன் டொலர் முதலிட்டது. ஜய்ஸ் என்ற அரபு மொழி மாதிரியை 2023இல் வெளியிட்டவர்கள் இந்த ஜி42 குழுமத்தினரே.

"அப்ப நம்ம ஆக்கள்ற காசும் இருக்குத்தானே, பிறகு என்ன?" என்று யாராவது கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஜய்ஸ் போன்ற முயற்சிகள் அரபு மொழிக்கு நன்மை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் செய்தியாளருக்குத் தேவைப்படுவது முதலாளியின் மார்க்கம் எது என்ற தகவலல்ல. தன் கருவியின் முதலீட்டாளரைப் பற்றியும் தான் சுதந்திரமாக எழுத முடியுமா என்பதுதான் அவரது கவலை. மத்திய கிழக்கில் உழைக்கும் நமது பிள்ளைகளின் சம்பளப் பிரச்சினையை எழுதுகின்ற ஒருவருக்கு, வளைகுடா அரசின் காசும் வொஷிங்டனின் காசும் ஒரே அளவு கவனத்தோடு பார்க்கப்பட வேண்டியவையே.

செய்தியறைக்கு வரும் பணம்

இதுவரை பார்த்தது கருவி செய்கிறவர்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதை. இனி, கருவி செய்கிறவர்களிடமிருந்து செய்தியறைக்குப் பணம் வரும் வழிகளைப் பார்ப்போம். அவை பிரதானமாக இரண்டு.

முதலாவது நன்கொடை. கூகுள் 2018 மார்ச்சில் கூகுள் நியூஸ் இனிஷியேட்டிவ் என்ற திட்டத்தைத் தொடங்கி, மூன்று ஆண்டுகளில் 300 மில்லியன் டொலர் செலவிடுவதாக அறிவித்தது. செய்தியாளருக்குச் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் உலகறிந்த திட்டங்களில் ஒன்றான, இலண்டன் பொருளியல் கல்லூரியின் 'ஜேர்னலிசம்ஏஐ' இத்திட்டத்தின் ஆதரவோடுதான் நடந்து வந்திருக்கிறது. 2023 ஜூலையில் ஓபன்ஏஐ, அமெரிக்காவின் உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களுக்கு உதவும் அமெரிக்கன் ஜேர்னலிசம் புரொஜெக்ட் அமைப்புக்கு 5 மில்லியன் டொலர் தந்தது. அதற்கு மேல் இன்னும் 5 மில்லியன் வரை 'கிரெடிட்' ஆகத் தருவதாகவும் சொன்னது. 2024 ஒக்டோபரில் ஓபன்ஏஐயும் மைக்ரோசொப்டும் சேர்ந்து லென்பெஸ்ட் நிறுவனத்தின் திட்டமொன்றுக்கு 10 மில்லியன் டொலர் வரை அறிவித்தன. அதிலும் பாதி காசு, பாதி கிரெடிட்.

இந்த கிரெடிட் என்பது என்ன? ஒரு கடைக்காரர் உங்களுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குக் கூப்பன் தருகிறார். அது அவருடைய கடையில் மட்டுந்தான் செல்லும். பொருள் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காசு கடையைவிட்டு வெளியே போகவே இல்லை. கூப்பன் முடிகிறபோது அந்தக் கடைச் சாமான் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். பிறகு சொந்தக் காசில் வாங்குவீர்கள். இதை மோசடி என்று சொல்ல முடியாது, வியாபாரம்தான். ஆனால் வெறும் தருமம் என்று நினைத்துக்கொண்டால் நாம்தான் ஏமாளிகள்.

இரண்டாவது வழி உரிம ஒப்பந்தம். செய்தி நிறுவனம் தன் பழைய, புதிய கட்டுரைகளை இயந்திரத்துக்குத் திறந்துவிடுகிறது. கம்பனி பணம் கொடுக்கிறது. ஓபன்ஏஐ 2023 ஜூலையில் அஸோசியேட்டட் பிரஸ்ஸோடும், அதே ஆண்டு டிசம்பரில் ஜேர்மனியின் எக்ஸல் ஸ்பிரிங்கரோடும், 2024இல் லெ மொண்ட், பைனான்ஷியல் டைம்ஸ், நியூஸ் கோர்ப் ஆகியவற்றோடும், 2025இல் கார்டியன், வொஷிங்டன் போஸ்ட் ஆகியவற்றோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. நியூஸ் கோர்ப்பின் ஒப்பந்தம் ஐந்தாண்டுகளில் 250 மில்லியன் டொலருக்கு மேல் பெறுமதியானது என அக்குழுமத்தின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலே எழுதியது. மாறாக, நியூயோர்க் டைம்ஸ் 2023 டிசம்பர் 27இல் ஓபன்ஏஐக்கும் மைக்ரோசொப்டுக்கும் எதிராகத் தன் கட்டுரைகளை அனுமதியின்றி எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டது. அதே பத்திரிகை 2025 மே மாதத்தில் அமேசனோடு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது.

இந்தப் பெயர்களைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லாம் பெரிய நிறுவனங்கள், பெரிய மொழிகள். கொழும்பின் ஒரு தமிழ்ப் பத்திரிகையோ, கிழக்கிலிருந்து வரும் ஒரு சஞ்சிகையோ இப்பட்டியலில் வருமா? இணையத்தில் ஏற்றப்பட்ட நமது எழுத்துகளும் மாவாகியிருக்கலாம். ஆனால் அரைத்த கூலி நமக்கு வரவில்லை.

அமானிதம் எங்கே இருக்கிறது?

இனி, இவற்றால் என்ன ஆபத்து என்று பார்ப்போம். முதலாவது, இரகசியம். ஒருவர் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று செய்தியாளரிடம் ஒன்றைச் சொன்னால் அது அமானிதம். அந்த ஒலிப்பதிவைக் கருவியிடம் கொடுக்கும்போது அமானிதம் மூன்றாமவரின் கைக்குப் போகிறது.

2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் பொலிட்டிகோ பத்திரிகையாளர் ஒருவர் தன் அனுபவத்தை எழுதினார். அவர் ஓர் உய்குர் முஸ்லிம் மனித உரிமைச் செயற்பாட்டாளரை நேர்கண்டு, ஒட்டர் என்ற ஒலியெழுத்தாக்கச் செயலியில் பதிவுசெய்திருந்தார். மறுநாள் அந்தச் செயலியிடமிருந்து அவருக்கு ஒரு தகவல் வந்தது: இந்தத் தலைப்பிலான உரையாடலின் நோக்கம் என்ன? தலைப்பு, அந்தச் செயற்பாட்டாளரின் பெயர். சீன அரசுக்கு அஞ்சி வாழும் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? விசாரித்தபோது கம்பனியின் விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. கடைசியில் அது சாதாரணப் பாவனையாளர் ஆய்வுதான் என்றார்கள். யாரும் ஒட்டுக்கேட்டதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதுவரை பல பத்திரிகையாளர்கள் அச்செயலியின் ஒலிப்பதிவுகள் எங்கே கிடக்கின்றன, எந்தச் சட்டத்தின்கீழ் யார் அவற்றைக் கேட்டு வாங்கலாம் என்று யோசித்தே பார்த்திருக்கவில்லை.

பூட்டப்பட்ட ஜன்னல்

இரண்டாவது ஆபத்து, முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் கருவியே காணாமற் போய்விடும் என்பது. இதற்குரிய உதாரணம் நமக்கு மிக நெருக்கமானது.

கிறவுட்டாங்கிள் என்றொரு கருவி இருந்தது. பேஸ்புக்கில் எந்தப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையெல்லாம் அது காட்டும். 2016இல் பேஸ்புக் அதை வாங்கியது. செய்தியாளருக்கும் ஆய்வாளருக்கும் இலவசமாகவே கொடுத்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியின் ஏனைய ஊர்களிலும் நமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது, பேஸ்புக்கில் ஓடிய வெறுப்புப் பேச்சு அதற்கு எண்ணெய் வார்த்தது. அரசாங்கம் சில நாட்கள் சமூக ஊடகங்களை முடக்கியது. 2020 மே மாதத்தில், தானே நியமித்த ஆய்வொன்றின் அறிக்கையை வெளியிட்டு, தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அத்தகைய பேச்சு எங்கே பிறந்து எப்படிப் பரவுகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பதற்கு இருந்த ஜன்னல்களில் கிறவுட்டாங்கிள் முக்கியமானது. இலங்கையில் வெறுப்புப் பேச்சை ஆராய்ந்தவர்களும் அதைப் பாவித்தார்கள்.

அந்த ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சி வீட்டுக்காரருக்கு அவமானமாகிக்கொண்டே வந்தது. 2024 ஓகஸ்ட் 14ஆம் திகதி மெட்டா அதை மூடிவிட்டது. பதிலுக்குக் கொண்டுவந்த தரவு நூலகத்தைப் பல்கலைக்கழகத்தாரும் இலாபநோக்கமற்ற ஆய்வாளரும் விண்ணப்பித்துப் பெறலாம். சாதாரண வணிகப் பத்திரிகைகளுக்கு அனுமதி இல்லை. இன்னொரு திகன நடந்தால், நெருப்பின் மூலத்தைத் தேடப் போகும் செய்தியாளர், தீப்பெட்டி விற்றவரிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை. கருவியின் உடைமை என்பது வெறும் கணக்குவழக்கு விடயமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒரே கூரையின் கீழ்

மூன்றாவது, அதே கருவிக்காரர் வேறு யாருக்கு வேலை செய்கிறார் என்பது. 2021இல் கூகுளும் அமேசனும் இஸ்ரேலிய அரசோடு 'நிம்பஸ்' என்ற 1.2 பில்லியன் டொலர் ஒப்பந்தத்தைச் செய்தன. அதை எதிர்த்துப் போராடிய ஊழியர்கள் பலரை 2024இல் கூகுள் வேலையிலிருந்து நீக்கியது. 2025 ஓகஸ்டில் கார்டியன், இஸ்ரேலிய-பலஸ்தீன ஊடகமான +972 சஞ்சிகையோடும் ஹீப்ரு மொழி ஊடகமான லோக்கல் கோலோடும் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டது. பலஸ்தீனரின் தொலைபேசி உரையாடல்களை இஸ்ரேலிய இராணுவத்தின் 8200 பிரிவு பெருந்தொகையாக மைக்ரோசொப்டின் கணினிக் கூடங்களில் சேமித்துவைத்தது என்பதே அச்செய்தி. செப்டெம்பர் 25ஆம் திகதி அப்பிரிவுக்கான சில சேவைகளை நிறுத்தியதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது.

காஸாவைப் பற்றி எழுதும் செய்தியாளரின் குறிப்புகளும், காஸாவை ஒட்டுக்கேட்ட பதிவுகளும் ஒரே கம்பனியின் கூரையின் கீழ் இருக்கலாம். ஒன்று மற்றதோடு கலந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் தன் கருவிக்காரரின் ஏனைய வாடிக்கையாளர் யார் என்று அறிந்துவைத்திருப்பது செய்தியாளரின் கடமை.

இங்கே இன்னொரு உண்மையையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கார்டியன் அதே ஆண்டு பெப்ரவரியில்தான் மைக்ரோசொப்டின் பங்காளியான ஓபன்ஏஐயோடு ஒப்பந்தம் செய்திருந்தது. இருந்தும் இந்தச் செய்தியை வெளியிட்டது. "காசு வாங்கினால் வாய் மூடிவிடும்" என்பது எப்போதும் சரியல்ல. ஆனால் கார்டியன், தன் பின்னால் ஒரு அறக்கட்டளையும் பெரும் நிதியும் உள்ள பத்திரிகை. ஒரே ஒரு நன்கொடையில் தொங்கிக்கொண்டிருக்கும் சிறிய இணையத்தளத்திடம் அதே துணிவை எதிர்பார்க்க முடியுமா?

நமது தமிழ் அதற்கு விளங்குமா?

நான்காவது விடயம், தமிழ் படிப்பிக்கின்ற எனக்கு அதிகம் உறுத்துவது. விஸ்பர் என்பது 2022இல் ஓபன்ஏஐ வெளியிட்ட ஒலியெழுத்தாக்கக் கருவி. பல செயலிகளுக்குள் அதுதான் மறைந்திருக்கிறது. அதைப் பழக்க 680,000 மணிநேர ஒலிப்பதிவு பயன்பட்டது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதுவதற்குப் பயன்பட்டது எல்லாம் சேர்த்து சுமார் 117,000 மணிநேரமே. அந்தத் தொண்ணூற்றாறில் ஒன்று தமிழ். அந்தத் தமிழுக்குள் இலங்கைத் தமிழ் எவ்வளவு, அதற்குள் அக்கரைப்பற்றின், புத்தளத்தின், மாவனல்லையின் முஸ்லிம் தமிழ் எவ்வளவு இருந்திருக்கும்?

விஸ்பருக்கு இன்னொரு நோயும் உண்டு. பேசுகிறவர் நிறுத்தி மௌனமாகும் இடத்தில் சில வேளை சொல்லாத வசனத்தைச் சொன்னதாக எழுதிவிடும். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்த ஆங்கில ஒலித்துண்டுகளில் சுமார் ஒரு சதவீதத்தில் இப்படி நடந்திருந்தது. ஆங்கிலத்துக்கே இந்த நிலையென்றால், "வாப்பா மௌத்தாகி நாற்பது கத்தம் ஓதின அன்றைக்குத்தான் அவனுகள் வந்தானுகள்" என்று விம்மி விம்மிச் சொல்லும் ஒரு தாயின் சாட்சியத்தை அது எப்படி எழுதும்? பிழையாக எழுதினால் அதைத் திருத்தும்படி யாரிடம் போய்ச் சொல்வது? முதலாளிக்கு இலாபமுள்ள மொழி முதலில் திருந்தும். தமிழ் எழுத்துகளை இந்த இயந்திரங்கள் ஆங்கிலத்தைவிட அதிக துண்டுகளாக உடைப்பதால், துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டும் இடங்களில் ஒரே விடயத்துக்கு நாம் கூடுதலாகவும் கட்டுகிறோம்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியிலுள்ள ஏஐ4பாரத் குழு தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குத் திறந்த கருவிகளைச் செய்கிறது. 2022இல் அங்கு அமைந்த மையத்துக்கு நிலேகனி குடும்பத்தின் அறக்கட்டளை 36 கோடி இந்திய ரூபாய் தந்தது. மொஸில்லாவின் கொமன் வொய்ஸ் திட்டத்தில் யாரும் தன் குரலில் தமிழ் வசனங்களை வாசித்துக் கொடுக்கலாம். அது எல்லோருக்கும் பொதுச்சொத்தாகும். அந்த மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். முற்றிலும் தனித்து நிற்கும் கை எங்குமில்லை. ஆனாலும் திறந்த கருவிக்கும் பூட்டிய கருவிக்கும் வித்தியாசம் பெரிது. விஸ்பரையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதைச் செய்தது ஓபன்ஏஐ என்றாலும், திறந்த மென்பொருளாகக் கொடுத்திருப்பதால் நம் சொந்தக் கணினியில் இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டலாம். அப்போது ஒலிப்பதிவு வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. அமானிதம் பாதுகாப்பாக இருக்கிறது.

கேட்க வேண்டியவை

இக்கருவிகளைத் தொடவே கூடாது என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. இரண்டு பேர் நடத்தும் ஒரு பிராந்தியப் பத்திரிகைக்கு மூன்று மணிநேர ஒலிப்பதிவை எழுத ஒரு கருவி கிடைப்பது பெரிய உதவி. வேண்டாமென்று சொல்ல நமக்கு வசதியும் இல்லை. கேட்டுவிட்டுப் பாவிப்போம் என்பதுதான் விடயம்.

செய்தியாளரும் ஆசிரியரும் ஒரு கருவியைக் கையில் எடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். மேல்தட்டில், நடுத்தட்டில், அடித்தட்டில் இருப்பவர் யார்? நாம் உள்ளே போடும் ஒலியும் எழுத்தும் எந்த நாட்டில், எவ்வளவு காலம் கிடக்கும். அதைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்குவார்களா? இலவசமாகக் கிடைக்கிறதென்றால், செலவை யார், என்னத்துக்காகக் கட்டுகிறார்? நாளைக்கு இது மூடப்பட்டால் நமது கோப்புகளை வெளியே எடுக்க முடியுமா? இந்த முதலாளியைப் பற்றியே ஒரு செய்தி வந்தால் நாம் எழுதுவோமா?

வாசகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்றொரு பாடம் உண்டு. பத்திரிகை உடைமை பற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கருவியின் உடைமையையும் ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்திரிகைகளிடம் நாம் கேட்க வேண்டியதும் சிறிய விடயமே: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரி. எந்தக் கருவியை எதற்குப் பாவித்தோம், அந்தக் கருவிக்காரரிடமிருந்து பணமோ கிரெடிட்டோ வாங்கினோமா என்ற அந்த ஒரு வரியை, இச்சஞ்சிகை உட்பட, நமது வெளியீடுகளே முதலில் போடத் தொடங்கினால் மற்றவர்களிடம் கேட்க நமக்கு வாய் வரும்.